றொபியின் நிறை

கற்பிட்டிக் கரையில் கருவாடு போடுகிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் மீன் காயப்போடுகிற வாடியின் முதலாளி வெளியூர் வியாபாரிக்கு மூட்டையைப் பிரித்துக் காட்டி, "இது பிரான்சிஸ்கா போட்டது" என்று சொன்னால் அதற்குமேல் பேரம் கிடையாது. கட்டாவோ பாரையோ சீலாவோ, வயிற்றைக் கீறிக் கழுவி, உப்பை அள்ளி உள்ளே தேய்த்து, தொட்டியில் அடுக்கி மேலே கல்லேற்றி வைத்தாளென்றால், மீனிலுள்ள தண்ணீர் சொல்வழி கேட்டு வெளியே வந்துவிடும். பிறகு வெயில். காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பெருவிரலால் நடுமுள்ளுக்குப் பக்கத்தில் ஒரு அமுக்கு. விரல் பதிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது; பதியாவிட்டால் மூட்டை கட்டலாம். இந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே, காலை முதல் மாலை வரை உப்பில் கை ஊறுகிறவளுக்கு வேறென்ன இருக்கிறது என்று நாமும் விட்டிருக்கலாம். அந்தப் பெருமை அவளுடைய ஒரே மகனில் போய் முடிந்ததுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

மகன் பெயர் றொபி. தகப்பன் யாகப்பு கடலுக்குப் போகிறவன். வாய் திறந்து பேசுவதென்றால் அவனுக்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும். றொபியும் தகப்பனைப்போல அமைதிதான். பள்ளிக்கூடத்தில் அவன் யாருடனும் அடிபட்டதாக ஒரு முறைப்பாடு வந்ததில்லை. அப்படிப்பட்ட பொடியன் குத்துச்சண்டைக்காரன் ஆனான் என்றால் அதற்குக் காரணம் அடிக்கிற ஆசை அல்ல. அவன்மேல் அடி விழாது, அதுதான். அடி வருகிற இடத்தில் தலை இருக்காது. வந்து இரண்டு குத்து, உடனே ஒரு அடி பின்னால். எதிராளி காற்றைக் குத்திக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடப் போட்டிகளில் இதைப் பார்த்துவிட்டு, படைப்பிரிவு ஒன்றின் குத்துச்சண்டை அணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உத்தியோகம், சீருடை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களுடையது. இவன் செய்ய வேண்டியது காலையில் ஓடுவதும் மாலையில் குத்துவதும்.

தேசியப் போட்டிகளில் அவன் வென்ற பதக்கங்களைப் பிரான்சிஸ்கா வீட்டிலிருந்த அந்தோனியார் சுரூபத்தின் கழுத்தில் மாட்டினாள். கடைசியில் பாரம் தாங்காமல் அந்தோனியார் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தார். பங்குச் சுவாமி வீடு ஆசீர்வதிக்க வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பதக்கத்துக்கு வேற ஒரு ஆணி அடி மகள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுடைய நல்ல காலம் என்றால் அதுதான்.

அணியில் அவனைப் பழக்கியவர் அன்ரனிப்பிள்ளை. பழைய ஆள், கண்டிப்பான ஆள். அந்த விளையாட்டில் நிறை பார்க்கிற நாளும் சண்டை பிடிக்கிற நாளும் ஒன்றுதான். காலையில் தராசில் ஏறியவன் அன்றைக்கே மேடையிலும் ஏற வேண்டும். அதனால் எவனும் பட்டினி கிடந்து நிறை குறைத்துவிட்டு வர முடியாது. வந்தால் கால் மடியும். மூன்றே சுற்று, தடித்த கையுறை, யார் கூடுதலாகத் தொட்டான் என்று புள்ளி. றொபியின் உடம்பும் புத்தியும் அதற்கென்றே செய்தவை.

பிறகுதான் டெரன்ஸ் வந்தான். நீர்கொழும்புப் பக்கத்து ஆள், போட்டிருந்தது நல்ல சேட்டு, முகத்தில் நல்ல சிரிப்பு. பணம் வாங்கிக்கொண்டு சண்டை பிடிக்கிற தொழில்முறைக்காரர்களை வைத்துக் கொழும்பில் மேடை போடுகிறவன். றொபியை ஒரு போட்டியில் பார்த்துவிட்டு, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "மல்லி, நீ இங்க நின்டு வீணாப் போற" என்று ஆரம்பித்தான்.

அடுத்த லீவில் வீட்டுக்கு வந்த றொபி சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு, தொழில்முறைக்கு, அதாவது புரோவுக்குப் போகப்போகிற விஷயத்தைச் சொன்னான்.

"இருக்கிற வேலைய விட்டுட்டா?" என்று யாகப்பு கேட்டான். அன்றைக்கு அவன் பேசியதே அவ்வளவுதான்.

"எனக்கு இருபத்தெட்டாகுது அப்பா. இன்னுங் கொஞ்ச நாள்ல அணியில இருந்து எடுத்துருவாங்க. பிறகு துவக்கோட கேற்றில நிக்கிற ஆள்தான். நான் என்ன பழகினன், எதுக்குப் பழகினன் என்டு ஒருத்தனுக்கும் தெரியாது."

"புரோவில போனாத் தெரியுமா?" என்றாள் பிரான்சிஸ்கா.

"ஓம். முதல் சண்டையில வென்டா வெளிநாட்டில சண்டை கிடைக்கும் என்டு டெரன்ஸ் அண்ணன் சொல்றார்."

அவளுக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், எந்தத் தாய்க்குத்தான் இனிக்காது. றொபி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். அன்ரனிப்பிள்ளை அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாராம்: "திரும்பி வந்தா இங்க கதவு இல்ல மகன். யோசிச்சுக்கொள்." யோசிக்கிற கட்டம் அப்போது தாண்டியிருந்தது.

இங்கேதான் நிறை வருகிறது. டெரன்ஸ் பிடித்து வைத்திருந்த சண்டை றொபியின் நிறையில் இல்லை. அதற்குக் கீழே உள்ள பிரிவில் இருந்தது. எதிராளி வெளிநாட்டுக்காரன், பெயர் உள்ளவன். அவனை வென்றால் பேச்சே வேறு. "பயப்படாத மல்லி. புரோவில சண்டைக்கு முதல் நாள்தான் நிறை பார்க்கிற. அதுக்குப் பிறகு ஒரு இரவும் ஒரு பகலும் கிடக்கு. குடி, சாப்பிடு, ஏறின நிறையோட சண்டைக்குப் போ. உலகத்தில எல்லாரும் செய்றது இதுதான்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை, எல்லாரும் செய்கிறார்கள்தான். எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்களா என்பதை அவன் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

சண்டைக்கு முந்திய வாரம் றொபி வீட்டுக்கு வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. கொழுப்பென்று உடம்பில் ஒரு பொட்டு இல்லை. வாடியில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தான். இன்னும் இறங்க வேண்டியிருந்தது.

"இனிக் குறைக்க ஒன்டும் இல்ல அம்மா. தண்ணி மட்டுந்தான் மிச்சம்."

"அவ்வளவுதானா?" என்றாள் பிரான்சிஸ்கா. "தண்ணி எடுக்கிறது என்ட வேலை."

றொபி சிரித்தான். "கட்டாவுக்குப் போடுற உப்பா, பாரைக்குப் போடுற உப்பா?"

"உனக்குச் சுறாவுக்குப் போடுற உப்பு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கும்போது எனக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே கோபம் வருகிறது.

மீன் ஏற்றுகிற நீலப் பீப்பாய் ஒன்றை மேல்பக்கம் வெட்டி, சூடு தாங்குகிற அளவு வெந்நீர் ஊற்றி, புத்தளத்துக் கல்லுப்பைக் கடகம் கடகமாகக் கொட்டினாள். கழுத்துவரை மகனை அதற்குள் இருத்தினாள். வெளியே எடுத்ததும் பொலித்தீனால் சுற்றி, மேலே சாக்கைப் போர்த்தி, உச்சி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் கிடத்தினாள். வேர்வை ஓடியது. தராசில் ஏற்றினாள், இறங்கியிருந்தது. வாடிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கை தட்டினார்கள். கருவாட்டுத் தராசில் மனிதன் நிறுபடுவது அவர்களுக்குப் பகிடியாக இருந்தது.

அடுத்த நாள் பகிடி குறைந்தது. வேர்வையும் குறைந்தது. தண்ணீரை அவள் நிறுத்தியிருந்தாள். ஈரத் துவாயின் நுனியால் உதட்டைத் துடைத்துவிடுவதோடு சரி. உதடு வெடித்து, நாக்கு தடித்து, கொன்னிக் கொன்னிப் பேச்சு வந்தது.

"அம்மா, ஒரு வாய்."

"இன்னுங் கொஞ்சந்தான் மகன். நாளைக்குக் குடிக்கலாம்."

"ஒரே ஒரு வாய் அம்மா. விழுங்க மாட்டன், துப்பிருவன்."

"நாளைக்குக் குடிக்கலாம் மகன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சு அறுந்தது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் கணக்கு ஒன்றே ஒன்றுதான். நிறை வராவிட்டால் சண்டை இல்லை. சண்டை இல்லையென்றால் விட்டுவிட்டு வந்த உத்தியோகமும் இல்லை, புதிய தொழிலும் இல்லை. மகன் நடுவழியில் நிற்பான். அதற்குத் தான் காரணமாகக்கூடாது என்று நினைத்தாள்.

அவளோடு அதே வாடியில் வேலை செய்கிற றஹ்மத் உம்மா பகலில் கொட்டில் பக்கம் வந்தாள். முந்தானைக்குள் வெட்டின செவ்விளநீர் ஒன்று. றொபியின் தலையைத் தூக்கி, வாயில் வைத்தேவிட்டாள். பிரான்சிஸ்கா எங்கேயிருந்து வந்தாளோ தெரியாது, தட்டிவிட்ட தட்டில் இளநீர் உருண்டு மணலில் கொட்டியது. றொபி அந்த ஈர மணலையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"என்ன புள்ள செய்ற நீ?" என்றாள் றஹ்மத் உம்மா. "மீனு மௌத்தான பொறகுதானே நாம உப்புப் போடுற. இவன் உசிரோட ஈக்கிற புள்ள."

"நீங்க உங்கட வேலையப் பாருங்க. இது சண்டைக்காரன்ட விசயம், உங்களுக்கு விளங்காது."

"எனக்கு விளங்காதுதான். ஒனக்கு விளங்குதா?"

பிரான்சிஸ்கா விலகிக் கிடந்த சாக்கை இழுத்து மகனை மறுபடி போர்த்தினாள். புறப்படுகிற நாள் காலையில் மகனின் கெண்டைக்காலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். விரல் பதியவில்லை. புறங்கையைக் கிள்ளிவிட்டாள்; கிள்ளின தோல் அப்படியே எழும்பி நின்றது. "சரி, வந்திட்டுது" என்றாள். தராசும் அதையே சொன்னது.

கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நிறை பார்த்தார்கள். யாகப்பு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றான். றொபி ஏறினான். நிறையை ஒருவன் உரத்துச் சொன்னான், சரியான நிறை. படம் எடுத்தார்கள், டெரன்ஸ் தோளில் தட்டினான். றொபி இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். மூடியைத் திருக விரலில் சக்தி இல்லை. தாய்தான் வாங்கித் திறந்து கொடுத்தாள். மடக்மடக்கென்று குடித்தான், குடித்த வேகத்திலேயே வாந்தி எடுத்தான். மறுபடி குடித்தான், மறுபடி வந்தது.

"எல்லாருக்கும் இப்பிடித்தான் அக்கா" என்றான் டெரன்ஸ். "விடிய எல்லாம் சரியாகிரும்."

விடிந்தபோது கொஞ்சம் சரியாகத்தான் இருந்தது. கஞ்சி குடித்தான், வயிற்றில் நின்றது. கண்ணில் வெளிச்சம் வந்தது. "பார்த்தீங்களா அம்மா" என்று சிரித்தான். அவளும் அந்தோனியாருக்கு நேர்ச்சை சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலை மேடையில் றொபி பழைய றொபியாகத்தான் ஆரம்பித்தான். வந்தான், குத்தினான், போனான். எதிராளி காற்றைக் குத்தினான். முதல் சுற்றுகள் இவனுக்குத்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் சுற்று முடிந்தது. பழைய விளையாட்டென்றால் அதோடு மணியடித்துக் கையைத் தூக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே சண்டை அப்போதுதான் பாதிக்கு வந்திருந்தது. மெல்லிய கையுறை. பின்னால் போக வேண்டிய கால் இருந்த இடத்திலேயே நின்றது. இவ்வளவு காலமும் விழாத அடி விழ ஆரம்பித்தது. காதுக்கு மேலே, நெற்றியில், மறுபடி காதுக்கு மேலே.

பிரான்சிஸ்கா அடியைப் பார்க்கவில்லை. அவள் மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளியின் உடம்பு விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் ஊற்றினதுபோல் பளபளத்தது. றொபியின் முதுகு காய்ந்து கிடந்தது. வாடி வெயிலில் நாள்முழுக்க நின்று அவள் பழகிய கண் அது. காய்ந்ததற்கும் காயாததற்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும்.

"இஞ்சேருங்க" என்று யாகப்புவின் கையைப் பிடித்தாள். "அவனுக்கு வேர்க்கல்ல."

"என்ன?"

"வேர்க்கல்ல. ஒரு சொட்டு வேர்க்கல்ல. நிப்பாட்டச் சொல்லுங்க."

யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? யாகப்பு எழும்பி டெரன்ஸ் இருந்த பக்கம் போனான். நடுவில் நின்ற காவல்காரன் மறித்துவிட்டான். மேடையில் றொபி விழவில்லை. அதுதான் கொடுமை. விழுந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவன் விழாமல் நின்றான், நின்று திருப்பிக் குத்தினான், கடைசி மணிவரை குத்தினான். முதலில் சேர்த்து வைத்த புள்ளிகள் அவனைக் காப்பாற்றிவிட்டன. நடுவர் தூக்கியது றொபியின் கையை.

ஆம், வென்றான். அவன் பிடித்த ஒரே தொழில்முறைச் சண்டை, அதில் வெற்றி. இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கு யாகப்பு அதை மட்டும் சொல்வான்.

உடுப்பு மாற்றுகிற அறைக்குள் தாயை விட்டார்கள். றொபி வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அதை என்ன செய்ய வேண்டும் என்று மறந்துபோன பார்வை. தாயைக் கண்டதும் நிமிர்ந்து, "அம்மா, நிறை சரியா?" என்று கேட்டான்.

"நேற்றே சரி மகன். நீ வென்டுட்டாய்."

"நிறை சரியா அம்மா?"

பிறகு ஒரு பக்கமாகச் சரிந்தான். அந்தோனியார் சரிந்ததுபோல் மெல்லத்தான் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் நல்ல மனிதர், தமிழ் தெரிந்தவர். புறங்கையைக் கிள்ளிப் பார்த்த நேர்ஸ் என்ன சொன்னாளோ, அவர் வெளியே வந்து, "எவ்வளவு நாளாத் தண்ணி குடிக்கல்ல?" என்று கேட்டார். யாகப்பு மனைவியைப் பார்த்தான். மனைவி நிலத்தைப் பார்த்தாள். "அடிதான் காரணமா, தண்ணி இல்லாததுதான் காரணமா என்டு யாராலயும் பிரிச்சுச் சொல்ல ஏலாதம்மா" என்று டொக்டரே பிறகு சொன்னார். யாகப்பு அதைப் பிடித்துக்கொண்டான். "அடிபட்டது தலையிலதானே. நீ அடிக்கல்லயே" என்று அவளிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டான், அவ்வளவு பேசாத மனிதன். அவள் காதில் அது ஏறவில்லை.

டெரன்ஸ் ஒரு தடவை பழங்களோடு வந்தான். பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. அன்ரனிப்பிள்ளை மட்டும் லீவு கிடைக்கிற நேரம் பஸ் ஏறி வருகிறார். றொபி அவரைக் கண்டால் எழும்பி நின்று கையைத் தூக்கித் தற்காப்பு நிலை எடுக்கிறான். வலது கை தூக்கினபடி நடுங்குகிறது. அவர், "நல்லது, நல்லது. இப்ப இரி மகன்" என்று சொல்லிக் கதிரையில் இருத்திவிட்டு, வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

பகலில் பிரான்சிஸ்கா அவனை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். தனியாக விட முடியாது, அவளுக்கு வேலையை விடவும் முடியாது. கொட்டில் நிழலில் கதிரை போட்டு இருத்தி, முகம் துடைக்க ஈரத் துவாய் ஒன்றை மடியில் போட்டுவிடுகிறாள். தலையில் ஒரு பக்கம் குழி. சொன்னால் சாப்பிடுவான், சொன்னால் நடப்பான். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. வெயில் ஏறி, தகரம் சுட்டு, உப்பு மணம் எழும்பினதென்றால்தான் அவனுக்கு அந்த வாரம் திரும்பி வருகிறது. நாளைக்கு நிறை பார்க்கப் போகிறார்கள். அதன் பிறகு எத்தனை மாதம் போனால் என்ன, அவனுக்கு நாளைக்குத்தான்.

அப்புறம் அவன் தண்ணீர் குடிக்க மாட்டான்.

தினமும் விழுங்குகிற குளிசைகளுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் வலிப்பு வரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வலிப்பு வந்தும் இருக்கிறது. பிரான்சிஸ்கா செய்யாத வித்தை இல்லை. தண்ணீர் நிறைந்த வத்தகப்பழத் துண்டு கொடுத்தாள். ஒன்றைக் கடித்துவிட்டு, ஈரத்தை உணர்ந்ததும் துப்பினான். கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்தாள், கோப்பையைத் தள்ளிவிட்டான். றஹ்மத் உம்மா இப்போது ஒன்றும் குத்திப் பேசுவதில்லை. தினமும் ஒரு செவ்விளநீரை வெட்டிப் பிரான்சிஸ்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தன் பாட்டில் மீனைப் புரட்டப் போய்விடுகிறாள்.

நேற்றும் கொடுத்தாள். பிரான்சிஸ்கா உப்புக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு மகனுக்கு முன்னால் மணலில் முழங்காலிட்டாள்.

"குடி மகன். உனக்குக் கோடி புண்ணியம், ஒரு வாய் குடி."

அவன் தலையை ஆட்டினான்.

"நிறை பார்த்து முடிஞ்சுது ராசா. நீ வென்டுட்டாய். சண்டை எல்லாம் முடிஞ்சுது. அம்மாவுக்காகக் குடி."

அவள் அழுவதை றொபி கண்டான். அவனுக்கு இரக்கமாகிவிட்டது. மடியில் கிடந்த ஈரத் துவாயை நடுங்குகிற கையால் எடுத்து, அதன் நுனியால் தாயின் உதட்டை மெல்லத் துடைத்துவிட்டான்.

"இன்னுங் கொஞ்சந்தான் அம்மா" என்றான். "நாளைக்குக் குடிக்கலாம்."